மாத்திரையை நிறுத்தும் முன் வலியைச் சொல்லுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, தலையில் முடியும் முளைத்து, பார்க்க வந்த உறவினர்கள் "இனி ஒண்ணும் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு தொடங்குகிறது ஹார்மோன் மாத்திரைக் காலம். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம். சிலருக்கு அதற்கு மேலும். கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை என்று பயாப்சி காட்டியவர்களுக்கு, அதாவது ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருப்பவர்களுக்கு, இந்தச் சிகிச்சை. டாமாக்ஸிஃபென் மாத்திரை, செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை, மாதவிலக்கு நின்றவர்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே தடுக்கின்றன.

ஐந்து வருடம் டாமாக்ஸிஃபென் சாப்பிட்டால் இந்த நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரை முடிந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. இவ்வளவு பலன் தரும் மருந்தைப் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், அதுவும் டாக்டருக்குத் தெரியாமல். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" "சாப்பிடுறேன் டாக்டர்." செக்கப் அதோடு முடிந்துவிடுகிறது. உயிரைக் காப்பாற்றிய டாக்டரிடம் போய் முட்டி வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம். தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விடுங்கள். இந்தப் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவற்றைக் குறைக்க வழி உண்டு.

லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் முதல் தொல்லை மூட்டு வலி. சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. கோலம் போட உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. சிலருக்கு ஒரு விரல் மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு, 'டக்'கென்று சொடுக்கித்தான் நிமிரும். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே ஆரம்பிக்கிறது.

உடனே மனதில் எழுவது, புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயம். வாய்விட்டுக் கேட்கவும் பயந்து ராத்திரி தூங்காமல் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். மாத்திரையால் வரும் வலி பொதுவாக இரண்டு பக்கமும் இருக்கும். காலையில் அதிகமாகி, நடமாட நடமாடக் குறையும். ஒரே இடத்தில் நிலைத்து, நாளுக்கு நாள் கூடி, படுத்தாலும் விடாத வலி என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

வலிக்கிற மூட்டுக்கு ஓய்வு கொடுக்கத்தான் தோன்றும். ஆனால் இந்த வலிக்கு நல்ல மருந்து அசைவுதான். இந்த மாத்திரைகளால் மூட்டு வலி வந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு, ஒரு வருடத்தில் கடும் வலியின் அளவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. மாடியிலோ தெருவிலோ தினம் அரை மணி நடந்தாலே வாரக் கணக்கு வந்துவிடும். எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். அக்குளில் நெறிகட்டி எடுத்தவர்கள், கை வீங்காமல் இருக்க, முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம், பிறகு அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றலாம். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாத பலருக்கு எக்ஸிமெஸ்டேனோ அனஸ்ட்ரோசோலோ ஒத்துக்கொள்கிறது. டாமாக்ஸிஃபெனுக்கு மாறுவதும் உண்டு. டூலாக்ஸிடின் என்ற மாத்திரை சிலருக்கு வலியைக் குறைக்கும். டாமாக்ஸிஃபெனோடு அது சேருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலியே தெரியாமல் எலும்பும் மெலிகிறது. ஆகவே லெட்ரோசோல் வகையைத் தொடங்கும்போதே டெக்சா ஸ்கேன் எடுத்து, பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கேழ்வரகும் பாலும் நல்லவைதான். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் வைட்டமின் டி குறைந்திருந்தால் அந்தக் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. நம் ஊர் வெயிலிலும் அந்தக் குறை சர்வசாதாரணம். எலும்பு ரொம்ப மெலிந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவார்கள்.

குப்பென்று சூடு ஏறி வேர்த்துக் கொட்டுவது எல்லா ஹார்மோன் மாத்திரைகளிலும் வரும், டாமாக்ஸிஃபெனில் அதிகம். பருத்தி உடை, படுக்கையருகே மின்விசிறி, சூடான காபியையும் காரத்தையும் குறைப்பது, மாத்திரை போடும் நேரத்தை மாற்றிப் பார்ப்பது எல்லாம் கொஞ்சம் உதவும். தூக்கமே கெடுகிறது என்றால் வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மாத்திரைகள் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை: மனச்சோர்வுக்குத் தரும் பாராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும், டாமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. மனநல மருத்துவரிடம் போகும்போது டாமாக்ஸிஃபென் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். பெண்களுக்கு நல்லது என்று கடையில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தையும் கேட்காமல் தொடாதீர்கள். ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யக்கூடிய பொருள்கள் அதில் இருக்கின்றன.

அதிகம் மறைக்கப்படுவது பிறப்புறுப்பு வறட்சி. தாம்பத்தியத்தில் வலி, உட்கார்ந்தாலே எரிச்சல், அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு. கணவரிடமும் சொல்லாமல் விலகிப் படுத்து, அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, வீட்டில் பேச்சே குறைந்துவிடுகிறது. ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறை உபயோகிக்கலாம். உறவின்போது தண்ணீர் கலந்த வழுக்கு ஜெல் தனியாக இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கிரீமை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதியாவது கொடுங்கள். இதைக் கேட்பது எந்த வயதிலும் தவறில்லை.

டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் தள்ளிப்போடக் கூடாதவை இரண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும், கர்ப்பப்பையைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இளம் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போனாலும் கரு தங்கலாம், இந்த மருந்து கருவைப் பாதிக்கும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு அவசியம். குழந்தை வேண்டும் என்றால் அதையும் டாக்டரிடம் பேசுங்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மருந்துக்கு இடைவெளி விட்டுக் கர்ப்பம் தரிக்க, தகுந்தவர்களுக்கு இப்போது வழி இருக்கிறது.

ஒருநாள் மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டவர்கள், திட்டுவார்களோ என்று செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த மாதம் நிறுத்தினீர்கள், எதனால் என்று அப்படியே சொல்லுங்கள். அதே மாத்திரையையோ வேறொன்றையோ மறுபடி தொடங்கலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.