45 விநாடி ஆட்டம், 2 நிமிட ஓய்வு ஏன்?

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? ஒரு விளையாட்டாளர் மின்னல் வேகத்தில் சறுக்கி வருவார். முக்கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, தடுப்பைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பதிலாக இன்னொருவர் களத்தில் குதிப்பார். இதற்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதும் இல்லை.

2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில்தான் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே, இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. காற்பந்தில் 90 நிமிடமும் களத்தில் நிற்கிறார்களே, இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓய்வு?

காற்பந்து விளையாட்டாளர் பெரும்பாலான நேரம் நடக்கிறார் அல்லது மெதுவாக ஓடுகிறார். ஐஸ் ஹாக்கி விளையாட்டாளரோ களத்தில் இருக்கும் நேரத்தில் மீண்டும் மீண்டும் முழு வேகத்தில் பாய்கிறார். இரண்டுக்கும் தசை பயன்படுத்தும் எரிபொருள் வேறு.

மூன்று எரிபொருள்கள்

தசை சுருங்குவதற்கு நேரடியாக ஆற்றல் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. முழு வேகத்தில் பாய்ந்தால் தசையில் இருக்கும் ஏ.டி.பி. 2 அல்லது 3 விநாடிக்குத்தான் தாங்கும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் உதவிக்கு வந்து புதிய ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. அந்தக் கையிருப்பும் சுமார் 10 விநாடியில் பெருமளவு குறைந்துவிடும். அதன்பின் கிளைகோஜன் வேகமாகச் சிதைக்கப்படுகிறது. அப்போது லாக்டேட் உருவாகிறது. தசையில் அமிலத்தன்மையும் கூடுகிறது. மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. நேரம் போகப் போக எது முன்னணியில் நிற்கிறது என்பதுதான் மாறுகிறது.

மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இதயமே அதை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது.

ஓய்வில் என்ன நடக்கிறது?

மூன்றாம் படிவ அறிவியலில் கதிரியக்கத்தின் அரை ஆயுளைப் படித்திருப்பீர்கள். கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். செலவானதில் பாதி, சுமார் 30 விநாடியில் திரும்ப வருகிறது. மீதியில் பாதி அடுத்த 30 விநாடியில் வருகிறது. அப்படியானால் 1 நிமிடத்தில் 75 விழுக்காடு, 2 நிமிடத்தில் ஏறத்தாழ 94 விழுக்காடு மீண்டுவிடும். இந்த வேலைக்கு உயிர்வளி தேவை. உட்கார்ந்த பிறகும் விளையாட்டாளர் மூச்சு வாங்குவது இதனால்தான்.

ஒரு குழுவில் பொதுவாக 4 தாக்குதல் வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் 45 விநாடி ஆடினால், ஒருவருக்குக் கிடைக்கும் ஓய்வு 3 × 45 = 135 விநாடி. மேலே பார்த்த 2 நிமிடக் கணக்கோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள்.

பயிற்சியில் எவ்வளவு ஓய்வு?

வேகத்தை மட்டும் வளர்க்கும் பயிற்சியில், பாய்ச்சலின் நேரத்தைப்போல் 12 முதல் 20 மடங்கு ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது. 5 விநாடிப் பாய்ச்சலுக்கு 60 முதல் 100 விநாடி ஓய்வு. களைப்பைத் தாங்கும் பயிற்சி என்றால் 3 முதல் 5 மடங்கு போதும்.

“ஓய்வு எடுப்பவன் சோம்பேறி” என்று நினைத்து இடைவெளியைக் குறைத்தால் என்ன ஆகும்? ஐந்தாவது, ஆறாவது பாய்ச்சல் மெதுவாகிவிடும். அது வேகப் பயிற்சியாகவே இருக்காது. களைத்த தசை காயத்துக்கும் எளிதில் ஆளாகும். சறுக்கும்போது காலைப் பக்கவாட்டில் உந்தி மீண்டும் உள்ளே இழுக்க வேண்டும். அதனால் தொடையின் உட்புறத் தசைப்பிடிப்பும் கிழிவும் ஐஸ் ஹாக்கியில் அடிக்கடி காணப்படுகின்றன.

கடும் பயிற்சியில் தீர்ந்த கிளைகோஜன் நிரம்ப, சோறு, மீ போன்ற மாவுச்சத்து உணவோடு ஏறத்தாழ ஒரு நாள் ஆகலாம். தூக்கமும் முக்கியம். உங்கள் வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் தேவை.

செய்து பாருங்கள்

பள்ளித் திடலில் 30 மீட்டர் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உடலைச் சூடேற்றிய பின், 20 விநாடி இடைவெளியில் 6 முறை முழு வேகத்தில் ஓடுங்கள். இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில், அதே காலணியோடு, 2 நிமிட இடைவெளியில் 6 முறை ஓடுங்கள். நண்பர் ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஓடாமல் நேரக் காப்பாளராக இருக்கலாம். நண்பகல் வெயிலைத் தவிருங்கள்.

இரண்டு நாள் முடிவுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். ஆறாவது ஓட்டத்தில் இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள். அந்த வரைபடத்தை உங்கள் பயிற்றுநரிடமும் காட்டுங்கள்.