நிலமும் மனமும் பண்படுதல்

கிராம அபிவிருத்தியைப் பற்றிப் பேசும்போது, சாகுபடி ஒரு துறை, கலாசாரம் வேறொரு துறை என்று பிரித்து வைத்துவிடுகிறோம். சொற்களை ஆராய்ந்தால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது விளங்கும்.

உழுது எருவிட்ட நிலத்தைப் 'பண்பட்ட நிலம்' என்கிறோம்; நல்லியல்பு வாய்ந்தவரைப் 'பண்பட்டவர்' என்கிறோம். 'பண்பாடு' என்னும் சொல்லை இன்றைய பொருளில் வழங்கச் செய்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' என்பதும், நிலத்தை உழுது பேணுதலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. நமது 'வேளாண்மை' பயிர்த்தொழிலைக் குறிப்பதோடு, திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் பிறர்க்குச் செய்யும் உபகாரத்தையும் குறிக்கிறது.

இப்பொருள்கள் யாவும் சேர்வராயன் மலையில் ஒருங்கே காணக் கிடைக்கின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். மலையில் சாகுபடியே அப்போதுதான் தோன்றியது என்று சிலர் கருதுவது பிழை. அதற்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே சாமை, கேழ்வரகு முதலிய தானியங்களை விளைவித்து வந்தனர். எந்தச் சரிவில் எதை விதைப்பது, எக்கதிரை விதைக்கு ஒதுக்குவது என்னும் அறிவும், மே மாதத்தில் நிகழும் சேர்வராயன் கோயில் திருவிழாவும், காஞ்சியிலிருந்து வந்த முன்னோரைப் பற்றிய கதையும் அவர்களிடம் ஒரே முதுசொமாக வழங்கி வருகின்றன. விதை அழிந்தால் அதைப் பற்றிய அறிவும் அழியும்.

பயிரிடுவதெல்லாம் பண்படுத்துவது ஆகாது. சரிவு நிலத்தை மேலிருந்து கீழாக உழுதால், ஒரு பெருமழை மேல்மண்ணை அடித்துச் சென்றுவிடும். குறுக்கே உழுது கல்வரப்பு அமைத்தால் மண் நிற்கும். காப்பித் தோட்டத்தில் நிழல்மரங்களை மிகுதியாக வெட்டினால், வெயில்படும் தண்டுகளைத் துளைப்பான் வண்டு நாடி முட்டையிடும்; புழு உள்ளே குடைந்து செடியைக் கொல்லும். மரம் விற்ற பணம் ஓராண்டில் தீரும். புதுச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு மண்ணை வைத்துப் போகும் உழவே பண்பட்ட உழவு.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள், குடியரசு தினத்தன்றும் காந்தி ஜயந்தியன்றும் கூடும் கிராம சபையில் சாலை, குடிநீரோடு இவற்றையும் விவாதித்தல் வேண்டும்: எந்தச் சரிவுக்கு வரப்பு தேவை? பழைய சாமை விதை எவர் வீட்டில் இருக்கிறது? முதியோரின் பயிர் அறிவைப் பள்ளிச் சிறுவர் எழுதி வைக்க ஆசிரியர் உதவுவாரா? இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. முதியோர் நம்மிடையே உள்ளபோதே தொடங்குவதுதான் அவசியம்.