உப்பு அரித்த படகு எஞ்சின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

குளச்சல், விழிஞ்ஞம் பக்கம் உறவினர் வள்ளம் வைத்திருக்கும் அன்பர்கள் பழவங்காடியில் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. புது எஞ்சின் என்றால் கடன்; பழையது நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சினின் உடல் அலுமினியம், போல்ட்டுகள் எஃகு. கடல்நீரில் இரண்டும் சேர்ந்து பாட்டரி போலாகி, அலுமினியம் கரைகிறது. அதைக் காக்கத்தான் துத்தநாகக் கட்டி. தான் கரைந்து எஞ்சினைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பவர்களை என்ன சொல்வது!

விசிறியோ கீழ்ப்பகுதியோ மட்டும் அரித்திருந்தால் தாராளமாகப் பழுது பார்க்கலாம். சிலிண்டர் பிளாக்கில் குளிர்நீர் ஓடும் வழியே அரித்துப்போயிருந்தால் செலவு வீண். இரண்டு சிலிண்டர்களின் கம்பிரஷனையும் கேஜ் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால், ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழுது பார்த்த எஞ்சினை, கரை சேர்ந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பிச் சற்று நேரம் ஓடவிடுங்கள்.