ஹோட்டன் சமவெளி

மலைநாட்டைக் காணச் செல்வோர் பலர் நுவரெலியாவோடு திரும்பிவிடுகின்றனர். அதற்கும் அப்பால், பட்டிப்பொல வழியாகவோ ஒகிய வழியாகவோ மேலேறினால், கடல் மட்டத்திற்கு 2,100 மீற்றருக்கும் மேலே விரிந்து கிடக்கிறது ஹோட்டன் சமவெளி. சிங்கள மக்கள் ‘மகா எலிய’ என வழங்கிய இவ்விடத்திற்கு, 1834ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் தேசாதிபதியின் பெயரைச் சூட்டினர். ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள இந்நிலம் 1988இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

நேயர்களே, புல்வெளி, காடு, அருவி, பாதாளம் ஆகிய நான்கையும் இங்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடையிற் கண்டுவிடலாம். முதலில் வருவது பத்தனைப் புல்வெளி. அங்கே மரைகள் கூட்டமாக மேயும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்பொழுதில் புல்நுனியெங்கும் உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதும் உண்டு. சரிவுகளிலே காடு தொடங்குகிறது. ஓயாத காற்றினால் இக்காட்டு மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. முறுகிக் குறுகி, குடைபோலத் தலை கவிந்து நிற்கின்றன. அவற்றின் உடலெங்கும் பாசி போர்த்திருக்கிறது. மழையில்லாத நாளிலும் மூடுபனி இலைகளிற் பட்டுத் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருக்கும். காட்டினூடே செல்லும் பெலிகுல் ஓயா, பேக்கர் நீர்வீழ்ச்சியாகப் பாறையிற் குதிக்கிறது. அப்பால் சமவெளி திடீரென முடிந்துவிடுகிறது. அதுவே ‘உலக முடிவு’. ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்திலே தேயிலைத் தோட்டங்களும் சிற்றூர்களும் தெரியும். காலை பத்து மணியளவில் பெரும்பாலும் மேகம் திரைபோட்டுவிடுமாதலால், விடிந்தவுடனேயே நடையைத் தொடங்குதல் நன்று.

இக்காட்சிகள் தனித்தனியானவை அல்ல. மூடுபனியைக் காடு பிடிக்கிறது; பாசியும் கருமண்ணும் அந்நீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளும் இங்கிருந்து நீர் பெறுகின்றன. அருகருகே விழும் மழைத்துளிகள் திருகோணமலைக் கடலையோ, கொழும்புக் கடலையோ, அம்பலாந்தோட்டைக் கடலையோ சென்றடையலாம். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விடுமாறு தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அரசாங்கத்திற்கு ஆலோசனை கூறினார். 2010இல் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக இச்சமவெளி உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

ஆயினும் கேடு நீங்கவில்லை. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த முட்செடியொன்று புல்வெளியிற் பரவுகிறது. ஆகவே, அங்கு செல்வோர் பாதையை விட்டு விலகாதிருத்தலும், மரைகளுக்கு உணவு கொடாதிருத்தலும், பொலித்தீன் பைகளைக் கொண்டு செல்லாதிருத்தலும் வெறும் விதிகள் அல்ல. களனி நீரைக் கொழும்பிலே குழாயிற் பிடித்து அருந்துபவரும் இம்மலைக்குக் கடன்பட்டவரே.