மீன்தொட்டி வடிகட்டியில் இடும் சரக்குகளும் அவற்றைப் பேணும் முறையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபின் சாகுபடி நிலம் சுருங்கிவிட்டது. எஞ்சிய நிலத்தோடு, புழக்கடையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டிக் கப்பி, மோலி, பொன்மீன் முதலிய அலங்கார மீன்களை வளர்த்துச் சென்னைக் கொளத்தூர்ச் சந்தைக்கு அனுப்பிச் சிறிது வருமானம் தேடுவோர் சிலர் உளர். கூடத்தில் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போரும் உளர். இரு சாராருக்கும் மீன் சாவதற்குரிய காரணம் பெரும்பாலும் ஒன்றே. அது வடிகட்டியைப் பற்றிய தவறான எண்ணம்.

அந்தத் தவறு என்னிடமும் இருந்தது. சென்ற கோடையில் ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில், 300 பொன்மீன் குஞ்சுகள் இருந்த தொட்டி ஒன்றைப் பார்வையிட்டேன். வடிகட்டியின் பஞ்சு பழுப்பேறி வழவழப்பாயிருந்தது. அதனைக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்திப் போடும்படி வீட்டம்மாளுக்கு நானே சொன்னேன். விதைப் பானையைக் கழுவிக் காயவைப்பது போன்ற நற்பழக்கமென்றே கருதினேன். நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. வாரம் முடியுமுன் எஞ்சியவை 40. அக்குஞ்சுகளை விற்று மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்துவதாக அவ்வம்மாள் எண்ணியிருந்தார்.

நடந்தது யாதெனின், மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாது விட்ட தீனி அழுகியும் அதே அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் சரக்கின்மேல் படிந்துள்ள நுண்கிருமிகளில் ஒருவகை இதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது அளவோடிருப்பின் மீனுக்குத் தீங்கு மிகக் குறைவு. நான் கொதிநீரில் கொன்றது இக்கிருமிகளையே. பழுப்பான அந்த வழவழப்பு அழுக்கன்று, அவற்றின் குடியிருப்பு.

இது குடியானவர்களுக்குப் புதிய செய்தியன்று. புஞ்சைக் காட்டில் இட்ட அம்மோனியம் ஸல்பேட் சில வாரங்களில் நைட்ரேட்டாவது இத்தகைய கிருமிகளாலேயே. ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி என்பார் 1890-ஆம் ஆண்டில் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் பிராணவாயு இல்லாமையால் இம்மாற்றம் நிகழ்வதில்லை. நெல்லுக்கு அம்மோனிய உரமே ஏற்றது என்று சொல்லப்படுவதன் காரணமும் அதுவே. வடிகட்டிக்கும் இந்த விதி பொருந்தும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை மாற்ற நாலரைக் கிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயு செலவாகிறது. ஆகவே நீரோட்டம் நின்ற வடிகட்டி, சேற்றுவயல் போன்றதாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. ஆழ்குழாய் நீர் கடினமாயும் காரமாயும் இருக்குமிடங்களில் அம்மோனியாவின் கொடுமை மிகும். 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். அளவு 7 ஆயின் மொத்த அம்மோனியாவில் 100-க்கு 1 பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 8 ஆயின் ஏறக்குறைய 7 பங்கு அவ்வடிவில் நிற்கும். மென்னீரில் பொறுக்கப்படும் பிழை இங்கே பொறுக்கப்படாது.

இனிச் சரக்கைத் தெரிந்தெடுப்பது பற்றி. கிருமிகள் ஒட்டிக்கொள்ள மேற்பரப்பு மிகுதியாயிருக்க வேண்டும். அதே சமயம் நீர் தடையின்றி ஊடுருவ வேண்டும். குஞ்சுகளுக்கும் சிறு தொட்டிகளுக்கும் காற்றுக்குமிழால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே எனக்கு மிகவும் உகந்தது. இதில் குஞ்சு உறிஞ்சப்பட்டுச் சாகாது. பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு, நன்றாய் வெந்த செங்கல்லை உடைத்த துண்டுகள் மலிவும் பயனும் உடையவை. அவற்றில் நுண்துளைகள் மிகுதி. அரைவேக்காட்டுச் செங்கல் கரைந்து நீரைக் கலக்கும். கருங்கல் ஜல்லியும் உதவும். ஆனால் மேற்பரப்பு குறைவாதலால் அதிகம் போடவேண்டும். கிரஷரிலிருந்து வரும் எம்-சாண்டு மணல் துகள் மிகுந்து விரைவில் அடைபடும்; வேண்டாம். கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் ஆகியவை ஏற்கனவே கடினமான நீரை மேலும் கடினமாக்கும். ஐயமுள்ள கல்லின்மேல் சிறிது காடியை விட்டுப் பார்த்தால், சுண்ணாம்பு இருப்பின் நுரைக்கும்.

தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றி எச்சரிப்பது என் கடமை. வண்டி இருக்கைப் பஞ்சின் துண்டுகளும், ரசாயனம் வந்த நீலப் பீப்பாய்களும் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம். அப்பஞ்சில் தீப்பற்றாதிருக்கச் சேர்த்த மருந்து இருக்கக்கூடும். பீப்பாயில் முன்பு எது இருந்ததென்று விற்பவனுக்கே தெரியாது. இவற்றைத் தொடாதிருத்தல் நலம்.

கடைகளில் விற்கும் கார்பன் நிறத்தையும் மருந்தின் எச்சத்தையும் ஈர்க்கும், அம்மோனியாவை நீக்காது. அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. மீனுக்கு மருந்திடும் நாட்களில் கார்பனை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்து அதற்கே இரையாகும். ஜியோலைட் என்னும் கல் அம்மோனியாவைப் பிடிக்கும். ஆனால் நோய்க்கென்று நீரில் உப்பிட்டால் பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடும்.

பேணுவதில் முக்கியமானது, அளவுக்கு மிஞ்சிச் சுத்தம் செய்யாமை. நீரோட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து உடனே திரும்ப வைக்கவேண்டும். இரண்டு பஞ்சுகள் இருப்பின் ஒரே நாளில் இரண்டையும் தொடலாகாது. சில வாரம் இடைவெளி தேவை. ஊராட்சிக் குழாய்நீரில் அலசவே கூடாது, ஏனெனில் அதில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லும். மேல்நிலைத் தொட்டிக்கு மருந்திடும் நாளையும் நேரத்தையும் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்கூட்டி அறிவிப்பார்களாயின் மீன் வளர்ப்போருக்குப் பேருதவியாகும்.

மின்சாரம் பல மணிநேரம் நின்றால், மூடிய வடிகட்டியினுள் பிராணவாயு தீர்ந்து நீர் கெடும். மின்சாரம் வந்தவுடன் அந்நீரைக் கொட்டிய பிறகே பம்பை ஓட்டுக. நைட்ரேட்டை வடிகட்டி அகற்றாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவது அவசியம். அகற்றிய நீரை வாழைக்கும் கத்திரிக்கும் பாய்ச்சலாம். உப்பிட்ட நீராயின் வேண்டாம்.

புதிய சரக்கில் கிருமிகள் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் சிலவும் தீனி சிறிதுமே போதும். அத்தனை நாள் காத்திராமலிருக்க ஒரு வழி உண்டு. பாலுக்கு உறைமோர் இடுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு பகுதியைப் புதியதனுள் வைத்தல். மேற்சொன்ன கிராமத்தில் பின்னர் அவ்வாறே செய்தோம்; அண்டை வீட்டுப் பஞ்சை ஈரம் உலராமல் வாளி நீரிலேயே கொண்டுவந்தோம். எஞ்சிய அந்த 40 குஞ்சுகளில் 38 ஆவணியில் கொளத்தூருக்குப் போயின. இரண்டைத் தாய் மீன்களாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.