தேனீக்களின் குடல் நோய்: அறிதலும் காத்தலும்

கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் முதல் நாளில், கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டியிலே கடுகளவான மஞ்சட் புள்ளிகள் விழுந்திருக்கக் கண்டு வீட்டார் சினந்துகொள்வதுண்டு. அயலிலே தேன்கூடு ஒன்று உண்டென்பதற்கு அப்புள்ளிகளே சான்று. பல நாள் மழையால் அடைபட்டுக் கிடந்த தேனீக்கள், வெயிலைக் கண்டவுடன் வெளியே பறந்து கழித்த மலமே அது. அதில் நோயும் இல்லை, நஞ்சும் இல்லை. ஆயினும், இச்சிறு புள்ளியைச் சரியாக அறியாமையால் நான் இருமுறை பிழை செய்தேன். இரண்டாம் பிழையினால் எம் கல்லூரித் தோட்டத்திலிருந்த இரண்டு தேனீக் குடும்பங்களும் அழிந்தன.

பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பெட்டிகள் அவை. முதலாண்டு மழைக்குப்பின் ஒரு பெட்டியின் முகப்பிலே மஞ்சட் புள்ளிகளைக் கண்டேன். இது வயிற்றுப்போக்கே எனத் துணிந்து, பனங்கட்டியைக் கரைத்து, இஞ்சியும் சீரகமும் இட்டுக் காய்ச்சி, அத் தேனீக்களுக்கு ஊட்டினேன். மனிதர்க்கு நன்மை செய்வது தேனீக்கும் நன்மை செய்யும் என்பது என் எண்ணம். சில நாட்களில் புள்ளிகள் பெருகிக் கறைகளாயின. பூக்காலம் வந்தமையால் அக் குடும்பம் தானே தேறியது. நானோ என் மருந்தே அதனைக் காத்ததென்று மகிழ்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு எப்பெட்டியிலும் கறை இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் நாளுக்கு நாள் மெலிந்து, ஈற்றில் ஒழிந்தது. கறை இல்லாமையால் நோயும் இல்லை என எண்ணி, அப்பெட்டியில் எஞ்சியிருந்த தேன் நிறைந்த வதைகள் இரண்டை வீணாக்கலாகாதென்று மற்றப் பெட்டியுள் வைத்தேன். மாசி மாதத்திற்குள் அதுவும் மெலிந்து ஒழிந்தது. விலங்கியல் கற்பிக்கும் நண்பர், இறுதியாக எஞ்சிய சில தேனீக்களின் குடலை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துக் காட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. கறை இருந்த ஆண்டில் நோய் இல்லை. நோய் இருந்த ஆண்டில் கறை இல்லை. தேனீ வளர்க்கும் அன்பர்களும் மாணாக்கரும் இப்பிழைகளைச் செய்யாதிருத்தல் வேண்டுமென்றே இதனை எழுதுகின்றேன்.

குடலின் அமைப்பு

தேனீ உறிஞ்சும் மது முதலில் தேன்பை என்னும் உறுப்பை அடைகின்றது. அது சுமந்து வருவதற்கான பையேயன்றிச் செரிக்கும் இடமன்று. அதன் அடியிலுள்ள வால்வு, தேனீயின் சொந்தப் பசிக்கு வேண்டிய அளவை மாத்திரம் உள்ளே விடும். எனவே நாம் உண்ணும் தேன், தேனீயின் செரிமானக் குடலிற் புகுந்து வந்ததன்று. வால்வுக்கு அப்பால் உள்ளது நடுக்குடல். உணவு செரிப்பதும் மகரந்தத்தின் புரதம் உடலிற் சேர்வதும் அங்கேயே. மகரந்த மணிகளின் செரியாத ஓடுகள் முதலிய கழிவுகள் ஈற்றிலுள்ள நேர்குடலிலே தேங்கும்.

நலமுள்ள வேலைத் தேனீ தன் இல்லத்துள் மலங்கழிப்பதில்லை. வெளியே பறக்கும் வரை அடக்கி வைத்திருக்கும். குளிர்நாடுகளில் மாரிகாலம் முழுவதும் அடக்கி வைத்திருப்பதும் உண்டு. எமது நாட்டில் அவ்வளவு நீண்ட சிறை இல்லையெனினும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை அவற்றைப் பல நாள் உள்ளே இருத்திவிடுகின்றது. அக்காலத்தில் உண்ணும் உணவு புளித்ததாயோ, செரியாப் பொருள் மிகுந்ததாயோ இருப்பின் நேர்குடல் விரைவில் நிரம்பும். அடக்க இயலாது தேனீக்கள் பெட்டிக்குள்ளேயே கழிக்கும். இதுவே வயிற்றுப்போக்கு. இது உணவினால் வரும் கோளாறேயன்றித் தொற்றுநோயன்று. பனங்கட்டியிலும் சுத்திகரியாத சருக்கரையிலும் தேனீ செரிக்க இயலாத பொருள்கள் மிகுதி. நான் ஊட்டிய ‘மருந்து’ செய்த வேலை இதுவே.

நோசீமா என்னும் நோய்

தொற்றாக வரும் குடல் நோய்களுள் முதன்மையானது நோசீமா. பங்கசு இனத்தைச் சார்ந்த நுண்ணுயிர் ஒன்றினால் இது உண்டாகின்றது. நோசீமா ஏப்பிசு என்னும் வகையை 1909ஆம் ஆண்டில் யேர்மனியில் சாண்டர் என்னும் அறிஞர் விவரித்தார். நோசீமா செரானே என்னும் மற்றொரு வகை, 1996ஆம் ஆண்டில் சீனாவிலே ஆசியத் தேனீயினிடத்துக் கண்டு விவரிக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பியத் தேனீயினிடத்தும் பரவி உலகெங்கும் காணப்படுகின்றது. 2020ஆம் ஆண்டில் இவற்றை வைரிமோர்பா என்னும் இனத்துட் சேர்த்துப் பெயர் மாற்றினர்; எனினும் பழைய பெயரும் வழக்கொழியவில்லை. நாம் பெட்டியில் வளர்ப்பது ஆசியத் தேனீயே ஆதலின், இரண்டாம் வகை எமக்குச் சிறப்பாகக் கருதற்பாலது.

இவ்வுயிர் வித்தி வடிவிலே தேனீயின் வாய்வழி புகும். வித்தியினுள்ளே நுண்ணிய இழையொன்று சுருண்டு கிடக்கின்றது. நடுக்குடலை அடைந்ததும் அவ்விழை விசையுடன் வெளிப்பட்டுக் குடற்சுவரின் கலமொன்றைத் துளைக்கும். வித்தியின் உட்பொருள் அவ்வழியே கலத்துட் செல்லும். அங்கே பெருகிப் புதிய வித்திகளாகிக் கலத்தை உடைத்து வெளிவரும். இவ்வாறு ஒரு தேனீயின் குடலில் கோடிக்கணக்கான வித்திகள் உண்டாதல் கூடும். அவை மலத்தோடு வெளிப்படும். அம்மலம் வதையிற் படுமாயின், அதனை நக்கித் துப்புரவு செய்யும் இளந்தேனீ தொற்றுக்கு ஆளாகும். தூய்மை செய்யும் கடமையே நோய்க்கு வாயிலாதல் இரங்கத்தக்கது.

நோயுற்ற தேனீக்குப் புரதம் செரிப்பதில்லை. குடம்பிகளுக்குப் பாலூட்டும் சுரப்பிகள் சுருங்கிவிடும். அது பருவத்திற்கு முன்னரே வெளிவேலைக்குச் சென்று விரைவில் மாளும். இராணியும் நோயுறின் முட்டையிடுதல் குன்றும். பெரும்பாலானவை வெளியே பறந்த இடத்திலேயே இறத்தலால் பெட்டியின் முன்னே பிணங்கள் குவிவதில்லை. குடும்பம் காரணமின்றிக் கரைவதுபோலத் தோன்றும். நோசீமா ஏப்பிசு பரவிய குடும்பங்களில் மலக்கறையும் அடிக்கடி காணப்பட்டமையால், கறையே இந்நோயின் அடையாளமென நெடுங்காலம் கருதப்பட்டது. செரானே வகையோ பெரும்பாலும் கறை காட்டுவதில்லை.

இந்நோய் மனிதரைப் பற்றுவதன்று; தேனை உண்போர் அஞ்சவேண்டியதில்லை.

புறத்தோற்றம் தந்த ஏமாற்றம்

வெளியடையாளத்தைக் கொண்டு நோய்க்குப் பெயரிடுதல் எளியோர் மாத்திரம் செய்யும் பிழையன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற்றுத் தீவிலே தேனீக்கள் பறக்க இயலாது நிலத்தில் ஊர்ந்து திரண்டு மாண்டன. அத்துன்பம் பின்னர் பிரித்தானியா எங்கும் பேசப்பட்டது. 1912ஆம் ஆண்டில் வெளியான அரசாங்க அறிக்கை நோசீமாவே காரணம் என்றது. 1921ஆம் ஆண்டில் அபடீன் நகர ஆய்வாளர், தேனீயின் மூச்சுக்குழலில் வாழும் உண்ணியொன்றைக் கண்டு வெளியிட, குற்றம் அதன்மேற் சென்றது. 1960களில் பெயிலி என்னும் அறிஞர், ஊர்ந்து மாளும் அதே தோற்றத்தை ஒரு வைரசு உண்டாக்குவதைக் காட்டினார். அக்காலத்து அழிவுகள் அனைத்தும் ஒரே நோயினால் நிகழ்ந்தவையல்ல என்றும் வாதிட்டார். ஊர்தல் ஒன்றே, காரணங்களோ பல. பூச்சிகொல்லி தெளித்த தோட்டத்திற்குச் சென்ற தேனீயும் ஊர்ந்தே மாளும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பெரும்பகுதியும் உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியதே. நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலிற் புகவேண்டுமென்ற ஒழுங்கும் அங்கே கூறப்படுகின்றது. அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கும் நான், தேனீப் பெட்டியின் முன் நின்றபோது அதனை மறந்தேன்.

அறியும் முறை

முதலாவது, காலத்தை நோக்குக. மழை நின்ற முதல் நாளில் சிதறி விழுந்த சிறு மஞ்சட் புள்ளிகள் இயல்பானவை. பெட்டிக்குள்ளே, சட்டங்களின் மேலும் வதைகளின் மேலும் பழுப்பு நிறக் கறைகள் காணப்படின் ஆராய்தல் வேண்டும். பூ மிகுந்த காலத்திலும் குடும்பம் பெருகாது மெலியுமாயின், கறை இல்லாதபோதும் ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது, குடலை நோக்குக. வெளிவேலை முடித்து வாயிலுக்குத் திரும்பும் முதிய தேனீக்கள் பத்தினைப் பிடித்து, குளிரூட்டிக் கொன்றபின், வயிற்றின் கடைசி வளையத்தை நுண்ணிடுக்கியாற் பற்றி மெல்ல இழுக்கக் குடல் முழுவதும் வெளிவரும். நலமுள்ள நடுக்குடல் வைக்கோல் நிறமாய், வளைய வளையமான மடிப்புகளோடு இருக்கும். நோய் முற்றியதாயின் அது வெளுத்து, வீங்கி, மடிப்பு மறைந்து காணப்படும். ஆயினும் தொடக்க நோய் இவ்வாறு புலப்படாது.

மூன்றாவது, நுணுக்குக்காட்டி கொண்டு நோக்குக. அத்தேனீக்களின் வயிறுகளைத் தேனீ ஒன்றுக்கு 1 மில்லிலீற்றர் வீதம் நீர்விட்டு அரைத்து, ஒரு துளியை 400 மடங்கு பெருக்கத்தில் நோக்கினால், மின்னும் அரிசிமணிகள் போன்ற முட்டை வடிவ வித்திகள் தோன்றும். அவற்றின் நீளம் ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றர். மகரந்த மணிகள் இவற்றினும் மிகப் பெரியன. உயர்தர வகுப்பு ஆய்வுகூடம் உள்ள எப்பாடசாலையிலும் செய்யத்தக்க சோதனை இது.

காக்கும் முறை

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. பியூமாசிலின் என்னும் மருந்து இதற்குப் பயன்படுதல் 1952ஆம் ஆண்டில் கனடாவில் அறியப்பட்டது. அது குடலுள் வளரும் நோயுயிரை அடக்குமேயன்றி, வதையிற் கிடக்கும் வித்திகளை அழிப்பதில்லை. தேனில் அதன் எச்சம் தங்குமென்ற அச்சமும் உண்டு. பல நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை. ஆதலின் வருமுன் காத்தலே வழி. அதற்குரியவை வருமாறு:

1. பெட்டியை ஈரம் தங்காத, காலை வெயில் படும் இடத்தில், நிலத்தினின்று உயர்த்தி, முகப்புச் சற்றே தாழ வைக்குக. கூரை ஒழுகலாகாது; காற்றோட்டம் வேண்டும்.

2. மழைக்காலத்திற்கு வேண்டிய தேனைத் தேனீக்களுக்கே விட்டுவிடுக. முழுவதையும் எடுத்துவிட்டுப் பின் ஊட்டுதல் அறமுமன்று, அறிவுமன்று. ஊட்டவே நேரின் வெள்ளைச் சீனியும் தூய நீரும் சம அளவிற் கலந்த பாகே தகும். பனங்கட்டி, சருக்கரை, கருகிய பாகு, புளித்த தேன் என்பன ஆகா.

3. தூய நீரை அருகில் வைக்குக. தேனீக்கள் அமரக் கூழாங்கற்களை இடுக. நீர்த்தட்டு, அவை பறந்து செல்லும் வழியின் கீழே அமையலாகாது. மேலிருந்து மலம் விழும்.

4. பெட்டியைத் திறக்கும்போது தேனீக்களை நசுக்காதொழிக. நசுங்கிய உடலை ஏனையவை நக்கித் துப்புரவு செய்யும்போது வித்தி பரவும்.

5. கறுத்த பழைய வதைகளை ஆண்டுதோறும் சிலவாக நீக்கிப் புதியன கட்ட இடங்கொடுக்க.

6. ஒரு குடும்பத்தின் வதையை மற்றொன்றுக்கு மாற்றாதொழிக. காரணந்தெரியாது அழிந்த குடும்பத்தின் வதைகளை எரித்துவிடுதலே எளியோர்க்குப் பாதுகாப்பு. வெறும் பெட்டிகளைச் செறிந்த அசற்றிக் அமிலத்தின் ஆவியில் ஒரு வாரம் மூடிவைத்துப் பின் நன்கு காற்றாட விடுதல் பிறநாட்டு வழக்கம். அவ்வமிலம் தோலையும் கண்ணையும் எரிக்குமாதலால் மாணாக்கர் தனித்துச் செய்தல் கூடாது.

இவ்வாறினுள் கடைசியாகக் கூறியதே எனக்கு அதிக விலை கொடுத்துக் கிடைத்த பாடம். இரண்டு வதைத் தேனை மிச்சம்பிடிக்க எண்ணி ஒரு குடும்பத்தையே இழந்தேன்.

எமது தோட்டத்தில் இப்போது மீண்டும் ஒரு பெட்டி உள்ளது. வெறும் பெட்டியிலே தாமாக வந்து குடியேறிய கூட்டம் அது. பழைய வதை ஒன்றும் அதற்குக் கொடுக்கவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் உயர்தர வகுப்பு மாணாக்கர் பத்துத் தேனீக்களைச் சோதித்துக் குறிப்பேட்டிற் பதிகின்றனர். சென்ற மழைக்குப் பின் பெட்டி முகப்பிலே மஞ்சட் புள்ளிகளைக் கண்ட மாணவன் ஒருவன், “ஐயா, இது நோயா?” என்று வினவினான். “குடலைப் பார்த்தபின் சொல்வோம்” என்றேன். பார்த்தோம்; மடிப்புகள் தெளிவாக இருந்தன; வித்தி ஒன்றும் இல்லை.

வேலைத் தேனீயொன்று சுறுசுறுப்பான காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரமே வாழ்கின்றது; குடும்பமோ தலைமுறை தலைமுறையாக நிலைக்கின்றது. முன்னையது கட்டிய வதையிலேயே பின்னையது பிறக்கின்றது. அவ்வதை தூயதாயிருத்தல் வேண்டும். விழாக் காணும் எமது கல்லூரிக்கும் இது பொருந்துமென்பதைப் பழைய மாணவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.