வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டிய பூ

பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை, கடல் தாண்டினால் வடமராட்சியின் மணற்காடு வரை, அலை ஏறாத மேட்டில் ஒரு கொடி மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும். அடும்பு. அடம்பன் கொடி என்றும் சொல்வார்கள். அலையில் கால் நனைக்கும் அவசரத்தில் அதை மிதித்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். காலை எட்டு மணிவாக்கில் ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பவருக்குத் தெரியும், அங்கே எத்தனை வேலை நடக்கிறதென்று.

இலையை வைத்தே அடையாளம் காணலாம். நுனி நடுவில் பிளந்து, ஆட்டுக் குளம்பு போலிருக்கும். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டியதும் ஆட்டுக்காலை வைத்துத்தான். குறுந்தொகையின் 243ஆம் பாடலில் நம்பி குட்டுவன் கண்டது மானின் அடியை. தண்டைக் கிள்ளினால் பால் வடியும். குளக்கரையில் நிமிர்ந்து வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவும் ஏறக்குறைய அடும்புப் பூவின் நிறம், வடிவம்தான். ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த புதர், இலையில் பிளவு இருக்காது.

பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல். தொண்டைப் பகுதியில் நிறம் அடர்ந்து, நடுவிலிருந்து ஐந்து கோடுகள் விளிம்பை நோக்கி ஓடும். கருவண்டு என்று பலரும் சொல்லும் தச்சுத் தேனீ அந்த நிறம் அடர்ந்த நடுப்பகுதிக்குள் நேராகத் தலையை நுழைக்கிறது. தேன் அடியில் இருப்பதால் உடம்பையும் உள்ளே திணித்தாக வேண்டும். வெளியே வரும்போது மேலெல்லாம் வெள்ளை மகரந்தத் தூள். உடனே அடுத்த பூ. மதியம் தாண்டினால் பூ வாடிச் சுருண்டுவிடும். அதன் ஆயுள் அவ்வளவுதான்.

இதுபோன்ற வண்டுகள் வராவிட்டால் விதை இல்லை என்றே சொல்லலாம். அடும்பு தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பல மீட்டர் ஓடுவதால், ஒரு மேடு முழுக்கப் பூத்திருப்பது ஒரே செடியாகவும் இருக்கக்கூடும். அப்போது மகரந்தம் வேறொரு கொடியிலிருந்து வந்தாக வேண்டும். அப்படிப் பிடிக்கும் விதை சாமானியப்பட்டதல்ல: கடினமான தோலும் உள்ளே காற்றறையும் கொண்டது. கடலில் மிதந்து மிதந்தே இந்தக் கொடி உலகின் வெப்பமண்டலக் கரைகள் எங்கும் சேர்ந்திருக்கிறது.

இலையும் காம்பும் சேருமிடத்தை உற்றுப் பார்த்தால் சிறிய தேன்சுரப்பிகள் தெரியும். அந்தத் தேன் எறும்புக்கு. எறும்பு அதைக் குடித்துவிட்டு, இலை தின்ன வரும் பூச்சியை விரட்டுகிறது.

பக்கத்தில் வளரும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைப்பதில் சளைத்ததல்ல. ஆனால் அதன் மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோய்விடும். வண்டுக்குக் கொடுக்க அதனிடம் தேன் கிடையாது. சவுக்கும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் சில இடங்களில் இயற்கையான மணல்மேடுகளின் மேலேயே சவுக்கு நட்டார்கள். உதிரும் சருகு கனமாக மூடிவிட்டால் கீழே அடும்பு தலைதூக்குவது கடினம். அலையைத் தடுக்க மரம் வேண்டும் என்ற கவலை நியாயமானதே. அதற்காக உயிருள்ள மணல்மேட்டை வெற்றிடமாக எண்ணியது பெரிய பிழை. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளை அதிகப் பாதுகாப்பு தர வேண்டிய பகுதிகளில் சேர்த்தது.

மேட்டை மீட்க நாற்றங்கால்கூடத் தேவையில்லை. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டை ஈரமணலில் புதைத்தால் வேர்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி அதற்குத் தோதான மாதம்.